இரட்டைச் சுருளைக் கேள்வி கேட்ட ஆய்வகம்: சசிசேகரன் குழுவும் டி.என்.ஏ இரட்டிப்பாதலும்

பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு, புரதம், டி.என்.ஏ போன்ற பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தை இயற்பியல் முறைகளால் ஆராயும் ஆய்வகம். ஜி. என். ராமச்சந்திரன் 1971-ல் இதைத் தொடங்கினார். இதன் வேர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருக்கிறது. 1976-ல் இங்கே வி. சசிசேகரன் தலைமையிலான குழு, டி.என்.ஏ உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா என்ற கேள்வியை எழுப்பியது. டி.என்.ஏ இரட்டிப்பாதலில் உள்ள ஒரு பெரிய சிக்கலே அந்தக் கேள்விக்குக் காரணமாக இருந்தது. அவர்கள் முன்வைத்த விடை நிலைக்கவில்லை. ஆனால் அந்த விவாதத்திற்குப் பிறகு இரட்டைச் சுருளின் சான்றுகள் முன்பைவிட உறுதியாயின.

சென்னையில் தொடக்கம்

ராமச்சந்திரன் (1922–2001) எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சி. வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து திரும்பியவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். சென்னைக்கு வந்த அறிவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்று சொன்னது ராமச்சந்திரனின் கவனத்தை அந்தப் பக்கம் திருப்பியது.

கொலாஜன் என்பது தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலுவூட்டும் நார்ப்புரதம். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு, அது மூன்று புரிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது என்று 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கர்த்தா பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்று, 1967-ல் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் வடிவத்தைக் கண்டறிந்த குழுவில் முதன்மைப் பங்கு வகித்தார்.

முதல் விமர்சனம்

முப்புரி மாதிரியை முதலில் குறை சொன்னவர்களுள் முக்கியமானவர் பிரான்சிஸ் கிரிக். ஜேம்ஸ் வாட்சனுடன் சேர்ந்து டி.என்.ஏவின் இரட்டைச் சுருளை 1953-ல் அறிவித்தவர் அவர். சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன என்று அவரும் அலெக்சாண்டர் ரிச்சும் சுட்டிக்காட்டினார்கள்.

இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இதை மனம்போனபடி முடிவு செய்ய முடியாது என்பதால், வெளிவந்திருந்த படிக வடிவங்களிலிருந்து அணுக்களுக்கிடையே உள்ள தூரங்களைச் சென்னைக் குழு தொகுத்தது. இந்த வேலையில் ராமச்சந்திரனுடன் இருந்த இளைஞர்கள் வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு பிணைப்புகள் உண்டு. அந்த இரண்டு கோணங்களின் எந்தெந்தச் சேர்க்கையில் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று கணக்கிட்டு, அதை ஒரு வரைபடமாக்கி 1963-ல் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் புதிய புரத வடிவம் எதைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்கப் பயன்படும் 'ராமச்சந்திரன் வரைபடம்' இதுதான். ஒரு விமர்சனத்துக்குப் பதில் தேடப் போய்க் கிடைத்த கருவி அது.

பெங்களூர் வந்த பிறகு

1970-களின் தொடக்கத்தில் இந்த மரபு பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் புதிய பிரிவுக்கு வந்தார்கள். ஆக்ஸ்போர்டில் டோரதி ஹாட்ஜ்கினின் குழுவில் இன்சுலின் வடிவத்தைக் கண்டறியும் பணியில் ஈடுபட்டிருந்த எம். விஜயன் வந்து சேர்ந்தார். கொலாஜன் பற்றி ராமச்சந்திரனிடம் ஆய்வு செய்த மஞ்சு பன்சல், பிறகு சசிசேகரனுடன் டி.என்.ஏ ஆய்வில் இறங்கினார். என். பட்டாபிராமனும் ஜி. குப்தாவும் அதே குழுவில் இருந்தார்கள். புரதச் சங்கிலிக்குச் செய்ததைப் போலவே, டி.என்.ஏவின் முதுகெலும்பான சர்க்கரை–பாஸ்பேட் சங்கிலி எந்தெந்த வடிவங்களை எடுக்க முடியும் என்று இவர்கள் கணக்கிடத் தொடங்கினார்கள்.

இரட்டிப்பாதலின் சிக்கல்

டி.என்.ஏ இரட்டிப்பாதலைக் கள்ளக்குறிச்சி நகரில் படிக்கும் மாணவரும் கல்வராயன் மலையில் படிக்கும் மாணவரும் ஒரே பாடநூலில் ஒரே படத்தின் வழியாகத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் கற்கிறார்கள். இரண்டு இழைகள் பிரிகின்றன. ஒவ்வொன்றும் அச்சாக நின்று புதிய இழையை உருவாக்கிக்கொள்கிறது. 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் செய்த சோதனை இதை நிறுவியது. தாளில் வரைந்த படத்தில் இழைகள் எளிதாகப் பிரிந்துவிடும். உயிரணுவுக்குள் அது அவ்வளவு எளிதல்ல.

இருபுரிக் கயிறு ஒன்றின் ஒரு முனையைக் கட்டிவைத்துவிட்டு, மறுமுனையில் இரண்டு புரிகளையும் பிடித்து இழுத்துப் பார்க்கலாம். சிறிது தூரம் பிரியும். அதற்குள் எதிரே உள்ள பகுதியில் முறுக்கு ஏறி, கயிறு மடிந்து சுருண்டு, மேலே பிரியாமல் நின்றுவிடும். டி.என்.ஏவிலும் இதுதான் நடக்க வேண்டும்.

எ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ சுமார் 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரு வளையம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.5 இணைகள் என்றால், மொத்தம் சுமார் 4,40,000 சுற்றுகள். இவ்வளவையும் அந்தப் பாக்டீரியா 40 நிமிடங்களில் பிரித்துப் படியெடுக்கிறது. இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் வேலை நடப்பதால், ஒவ்வோரிடத்திலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,500 சுற்றுகள் அவிழ வேண்டும். வீட்டில் ஓடும் மின்விசிறி நிமிடத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் முறைதான் சுற்றுகிறது. அதிலும் வளையத்துக்கு முனை கிடையாது. முறுக்கு வெளியேற வழியே இல்லை.

வாட்சனும் கிரிக்கும் இந்தச் சிக்கலை 1953-லேயே தங்கள் இரண்டாவது கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மாக்ஸ் டெல்புருக் 1954-ல் இதை விரிவாக எழுப்பினார்.

பக்கம் பக்கமாக இழைகள்

புரிகள் ஒன்றையொன்று சுற்றியிருப்பதுதான் சிக்கல் என்றால், அவை உண்மையில் சுற்றியிருக்கின்றனவா என்று கேட்கலாம். 1976-ல் சசிசேகரனும் பட்டாபிராமனும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு மாற்று வடிவத்தை முன்வைத்தார்கள். அதில் டி.என்.ஏ சுமார் ஐந்து கார இணைகளுக்கு வலஞ்சுழியாகத் திரும்புகிறது. அடுத்த ஐந்துக்கு இடஞ்சுழியாகத் திரும்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், முழு நீளத்துக்கும் பார்த்தால் இழைகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. கார இணை சேரும் விதி மாறுவதில்லை. இரட்டிப்பாதலின்போது அவிழ்க்க வேண்டிய முறுக்கும் இல்லை.

அதே ஆண்டில் நியூசிலாந்தின் ராட்லி குழுவும் தனியாக இதே போன்ற மாதிரியை வெளியிட்டது. உலகின் இரண்டு மூலைகளில் ஒரே எண்ணம் எழுந்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை டி.என்.ஏவின் எக்ஸ் கதிர்ப் படங்கள் இழைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவை கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியைக் காட்டின, தனியணுக்களைக் காட்டவில்லை. அந்தப் படங்களுக்கு இரட்டைச் சுருள் நன்றாகப் பொருந்தியது. வேறெதுவும் பொருந்தாது என்று யாரும் நிறுவியிருக்கவில்லை.

இரண்டாவது விமர்சனம்

இம்முறையும் பதில் சொல்ல வந்தவர் கிரிக். அவரும் ஜேம்ஸ் வாங், வில்லியம் பாவர் ஆகியோரும் 1979-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, டி.என்.ஏ உண்மையில் இரட்டைச் சுருள்தானா என்ற கேள்விதான். அவர்கள் மாற்று மாதிரியை ஒதுக்கித் தள்ளவில்லை. சான்றுகளை வரிசையாக எடுத்துவைத்தார்கள்.

வளைய டி.என்.ஏவில் ஓரிழை மற்றதைச் சுற்றும் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். ஜெல்லில் மின்புலத்தின் வழியே ஓடவிட்டால், ஒரே ஒரு சுற்று வேறுபடும் வளையங்கள்கூடத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிகின்றன. வாங் வளையத்தின் நீளத்தைச் சில கார இணைகள் கூட்டிப் பார்த்தார். பட்டைகளின் இடம் நகர்ந்தது. கூட்டிய நீளம் சுமார் 10.5 இணைகளின் மடங்காக இருந்தபோது, பட்டைகள் மீண்டும் பழைய வரிசையில் பொருந்தின. இழைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தால் இப்படி நகர்வதற்குக் காரணமே இல்லை.

அதே ஆண்டில் ஸ்விட்சர்லாந்துக் குழு ஒன்று இன்னொரு சோதனையை வெளியிட்டது. ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு ஒற்றையிழை வளையங்களைத் தனித்தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். மூடிய வளையங்கள் ஒன்றையொன்று சுற்ற முடியாது. டி.என்.ஏ இயல்பாகவே பக்கம் பக்கமான வடிவம் என்றால், இங்கே இயல்பான டி.என்.ஏ கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ வேறு பண்புகள் கொண்ட ஒரு பொருள்.

முறுக்கை அவிழ்க்கும் வழியும் அதற்குள் தெரிந்துவிட்டது. வாங் 1971-லேயே கண்டறிந்திருந்த நொதி, ஓரிழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டிவிடுகிறது. 1976-ல் மார்ட்டின் கெல்லர்ட் குழு கண்டறிந்த கைரேஸ், இரண்டு இழைகளையும் வெட்டி, அந்த இடைவெளி வழியாக வேறொரு பகுதியைக் கடத்திவிட்டு ஒட்டுகிறது. இவை டோபோஐசோமெரேஸ் நொதிகள். முனையில்லாத கயிற்றின் முடிச்சை வெட்டித்தான் அவிழ்க்க முடியும். உயிரணுவும் அதைத்தான் செய்கிறது. சிப்ரோஃபிளாக்சசின் மருந்து பாக்டீரியாவின் இத்தகைய நொதிகளையே தாக்குகிறது. புற்றுநோய்க்குத் தரப்படும் எட்டோபோசைடு மனித உயிரணுவின் டோபோஐசோமெரேஸைத் தடுக்கிறது.

எஞ்சியது

பக்கம் பக்கமான மாதிரி உயிரணு டி.என்.ஏவின் பொது வடிவமாக ஏற்கப்படவில்லை. ஆனால் டி.என்.ஏ வலஞ்சுழியாக மட்டுமே இருக்கும் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. 1979-ன் இறுதியில் ஆண்ட்ரூ வாங், அலெக்சாண்டர் ரிச் குழு ஒரு சிறு டி.என்.ஏ துண்டின் படிக வடிவத்தை அணு நுணுக்கத்தில் வெளியிட்டது. அது இடஞ்சுழி இரட்டைச் சுருளாக இருந்தது. இசட்-டி.என்.ஏ என்று பெயர் பெற்றது அதுவே. அடுத்த ஆண்டு டிக்கர்சன் குழு, வலஞ்சுழி இரட்டைச் சுருளின் ஒரு முழுச் சுற்றைப் படிகத்தில் காட்டியது. 1953-ல் முன்வைத்த வடிவம் இப்படி நேரடியாகக் கண்ணுக்குத் தெரிய 27 ஆண்டுகள் ஆயின.

1980-ல் குப்தா, பன்சல், சசிசேகரன் மூவரும் எழுதிய கட்டுரை, டி.என்.ஏ எவ்வளவு வளைந்து கொடுக்கக்கூடியது என்பதையே மையமாகக் கொண்டது. மஞ்சு பன்சலின் பிற்காலப் பணியும் அந்தத் திசையில் சென்றது. எழுத்துகளின் வரிசைக்கு ஏற்ப டி.என்.ஏ எங்கே வளையும், எங்கே எளிதில் பிரியும் என்று கணக்கிட்டு, மரபணு தொடங்கும் இடங்களை அடையாளம் காணும் முறைகளை அவருடைய குழு உருவாக்கியது.

இரட்டிப்பாதல் பற்றிய ஆய்வும் இந்தப் பிரிவில் நின்றுவிடவில்லை. இழைகள் பிரிந்ததும் அவை மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது ஒற்றையிழைப் பிணைப்புப் புரதம். காசநோய்க் கிருமியில் உள்ள அந்தப் புரதத்தின் வடிவத்தை எம். விஜயன், கே. சாய்கிருஷ்ணன், உமேஷ் வர்ஷ்னி ஆகியோர் அடங்கிய குழு 2003-ல் வெளியிட்டது. அதன் நான்கு துணையலகுகள் சேரும் விதம் எ.கோலையில் உள்ளதிலிருந்து வேறுபட்டிருந்தது.

மதிப்பீடு

கிரிக்கின் விமர்சனத்தை இந்த ஆய்வு மரபு இருமுறை சந்தித்தது. முதல் முறை முப்புரி வடிவத்தின் அடிப்படை நிலைத்தது. அணுக்களின் நெருக்கம் பற்றிய கேள்வி ராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்தது. இரண்டாம் முறை மாற்று மாதிரி தோற்றது. ஆனால் அதுவரை பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டு கடந்துபோன ஒன்றுக்குச் சான்று கேட்கப்பட்டது. சான்றும் வந்து சேர்ந்தது. பாடநூலில் இரட்டைச் சுருள் இன்று ஒரு வரியில் சொல்லப்படுகிறது. அந்த வரிக்குப் பின்னால் அதை ஐயுற்றவர்களின் உழைப்பும் இருக்கிறது.