சுடர்க்காப்பு முனையை முடக்காதீர்

குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எரிந்து, கையை எடுத்ததும் அணைந்துவிடும் எரிவாயு அடுப்புக்குப் பலர் செய்யும் வைத்தியம், குமிழைக் கம்பியால் இழுத்துக் கட்டிவைப்பது அல்லது காப்பு வால்வையே கழற்றி எறிவது. திருவனந்தபுரத்துப் பழவங்காடியையும் அதையடுத்த சாலைக் கடைவீதியையும் போலக் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இடங்களில், ஒரு சமையற்கட்டில் நிகழும் இந்த அலட்சியம் அடுத்த கடைக்காரரின் உயிரையும் பணயம் வைக்கிறது.

அணைவதற்குப் பெரும்பாலும் காரணமாவது தெர்மோகப்பிள், அதாவது வெப்ப மின்னிரட்டை. இரு வேறு உலோகங்கள் இணையும் முனை சூடாகும்போது சிறிய மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்ட விளைவு; அம்மின்னழுத்தம் ஒரு காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்தபடி வைத்திருக்க, சுடர் அணைந்து முனை ஆறியதும் வால்வு தானே மூடிக்கொள்கிறது. வீடுகளிலுள்ள சாதாரண இரட்டை அடுப்புகள் பலவற்றில் இது இல்லை. சுடர்க்காப்புள்ள மேடை அடுப்பு, சில கீசர்கள், உணவகப் பொரிப்பான், பேக்கரி அடுப்பு ஆகியவற்றில் உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். இக்காப்பை முடக்குவது அந்தப் பொறியை வரவழைப்பதற்கு ஒப்பாகும்.

குமிழை அழுத்தியிருக்கும்போதே சுடர் அணைந்தால் கோளாறு எரிவாயு வரத்திலோ அடைபட்ட துளையிலோ இருக்கும். கையை எடுத்தபின் அணைந்தால்தான் தெர்மோகப்பிளை ஐயுற வேண்டும். முதலில் ரெகுலேட்டரை மூடி, அடுப்பை ஆறவிட்டு, முனையில் படிந்த கரியை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, முனை சுடருக்குள் நிற்கிறதா, மறுமுனை இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கோளாறுகள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், பழுதுபார்ப்பவர் முனையைச் சுடரில் சூடாக்கி மல்டிமீட்டரால் அளக்கும்போது, வழக்கமாக 20 முதல் 30 மில்லிவோல்ட் காட்ட வேண்டிய தெர்மோகப்பிள் அதில் பாதியும் காட்டாவிட்டால் அதை மாற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தும் சுடர் நிற்காவிட்டால் பழுது காந்த வால்வில் உள்ளது. புதிய தெர்மோகப்பிளின் நீளமும் மரையும் பழையதோடு பொருந்த வேண்டும், அதன் மெல்லிய குழாய் மடிந்துவிடக் கூடாது, நட்டைக் கையால் முடுக்கியபின் கால் சுற்றுக்குமேல் இறுக்கலாகாது. வேலை முடிந்ததும் தொட்ட இணைப்புகள் அனைத்திலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். தீக்குச்சியால் சோதிப்பவரிடம் வேலையை ஒப்படைக்கவே கூடாது.

பணி முடிந்ததும் பொருளின் பெயரும் மாற்றிய நாளும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்குவோர் சிலரே. ஆனால் பின்னர் வழக்குக்கு ஆதாரமாவது அந்தத் தாள்தான். விநியோகஸ்தரின் மெக்கானிக் செய்யும் பாதுகாப்பு ஆய்வின் படிவத்தையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் காலாவதி ஆண்டும் பொறித்த எரிவாயுக் குழாயின் ரசீதையும் அதனோடு சேர்த்து வைக்க வேண்டும்.

அரசு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டில், எரிவாயுவை முதற்காரணமாகக் கொண்ட விபத்தில் உயிரிழந்தவருக்கு 6 லட்சம் ரூபாயும், காயமுற்றவருக்கு 2 லட்சம் வரை மருத்துவச் செலவும், பதிவு செய்த முகவரியில் நேர்ந்த பொருட்சேதத்துக்கு 2 லட்சம் வரையும் வழங்க இடமுண்டு. நுகர்வோர் இதற்குத் தனியாகப் பிரிமியம் செலுத்துவதில்லை. இதை விநியோகஸ்தர்களே எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பது கடமை தவறுதல். விபத்து நேர்ந்ததும் விநியோகஸ்தருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி, காவல் நிலைய அறிக்கை, மருத்துவமனை மூல ரசீதுகள், இறப்பு நேர்ந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். வாடகைக் கடைக்கு மாறியவர் முகவரியை மாற்றாமல் இருந்தால் பொருட்சேதக் கோரிக்கை அங்கேயே முடங்கும்.

கசிவு ஏற்பட்டால் 24 மணி நேரமும் இயங்கும் 1906 எண்ணை அழைக்க வேண்டும்; மின் சுவிட்சைத் தொடாமல், வெளியே வந்தபிறகே அழைக்க வேண்டும். பழுதுபட்ட கருவியை விற்றவர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, அதிலும் தீர்வு கிட்டாதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. பழுது நீங்கும்வரை கம்பியால் கட்டிய அடுப்பை எவரும் பற்றவைக்க வேண்டாம்.