பழைய லாரியின் புகை கூறும் செய்தி

அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் களத்தில் காத்திருக்க, ஏற்றிச் செல்ல வேண்டிய லாரி நடுவழியில் நின்றுவிட்டால் உண்டாகும் நஷ்டத்தை விவசாயப் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பழுது இன்னதென்று ஓரளவேனும் அறியாமல் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்பவர், அங்கே கூறப்படுவதை அப்படியே ஏற்க நேரிடுகிறது.

எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருவருக்கு நேர்ந்தது இதுவே. அவருடைய பழைய டீசல் லாரி மேடேறும்போது கரும்புகை கக்கிற்று; இழுவையும் குறைந்துவிட்டது. எஞ்சினை முழுவதும் பிரித்து மராமத்துச் செய்தாக வேண்டுமென்று ஒரு பட்டறையில் கூறினர். அவரும் நகையை அடகு வைக்கத் துணிந்துவிட்டார். நல்ல வேளையாக, வயதான டிரைவர் ஒருவர் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வைக்கோல் தூசி அப்பிக் கிடந்தது. புதிய வடிகட்டி போட்டதும் புகை நின்றது.

இதன் காரணம் எளிது. டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் கிடையாது. காற்று மிகுந்த அழுத்தத்திற்கு உள்ளாகிச் சூடேறுகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றி எரிகிறது. காற்றுக் குறைந்தாலும், டீசல் மிகுந்தாலும் அரைகுறையாக எரிந்து கரும்புகையாக வெளியேறும். ஆகவே முதலில் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். அது சுத்தமாயிருந்தும் கரும்புகை வருமாயின், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சோதிக்கச் செய்யலாம். அதிகப் பாரமும் கரும்புகைக்கு ஒரு காரணம். இதை வண்டிக்காரர்கள் ஒப்புக்கொள்வது அரிது!

நீலப்புகை வேறு செய்தி கூறுகிறது. எஞ்சின் எண்ணெய் எரிகிறதென்பது அதன் பொருள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருத்தல் பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். இங்குப் பெருஞ்செலவைத் தவிர்ப்பது கடினம்.

குளிர்ந்த காலையில் சிறிது வெண்புகை வருவது இயல்பே. எஞ்சின் சூடேறியதும் அது மறையும். மறையாமல் நீடித்து, ரேடியேட்டர் நீரும் நாள்தோறும் குறைந்து வந்தால், ஹெட் காஸ்கட் பழுதுற்று நீர் உள்ளே செல்கிறதென ஐயுற வேண்டும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை எடுத்து நோக்குக. எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் தோன்றினால் வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது. எஞ்சின் சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும்.

வண்டி கிளம்பவில்லையெனில் முன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்கிப் பாருங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பாட்டரி வலுவிழந்துள்ளது, அல்லது அதன் முனைகளில் பூத்துக் கிடக்கிறது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையெனில் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். டாங்கி வற்றும்வரை ஓட்டிய வண்டிகளில் இது சகஜம். டீசல் வடிகட்டியின் மேலுள்ள திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, குமிழிகள் நிற்கும்வரை கைப்பம்பை அடித்து, மீண்டும் இறுக்கினால் போதும். இம்முறை பழைய வண்டிகளுக்கே உரியது. புதிய ரக எஞ்சின்களில் டீசல் மிகக் கடுமையான அழுத்தத்தில் பாய்வதால் அவற்றின் குழாய்களைத் தொடாதிருப்பதே நலம்.

இதுவரை கூறியவை பணத்தைப் பற்றியவை. பிரேக் உயிரைப் பற்றியது. எண்ணெய் பிரேக் உள்ள வண்டியில், மிதித்த பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று உள்ளது. மிதித்தபடியே வைத்திருக்கையில் அது மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் தேய்மானம். காற்று பிரேக் உள்ள லாரியில், எஞ்சினை நிறுத்தியபின் அழுத்தமானியின் முள் விரைவாக இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். இவற்றுள் எது தென்பட்டாலும், ஒரு நாள் வாடகை போனாலும் சரியே, சுமை ஏற்றாமல் வண்டியை நிறுத்திவைத்து மெக்கானிக்கை அவ்விடத்திற்கே வரவழைத்தல் வேண்டும்.