வெயிலைப் பார்த்து ஆயில் ஊற்றலாமா?

புதிய கார் வாங்கியவர்கள் பலர் என்ஜின் மேலிருக்கும் ஆயில் மூடியைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அதில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ அச்சிட்டிருக்கிறது. அவர்கள் முன்பு வைத்திருந்த பழைய காருக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று கெட்டியான ஆயில்தான் ஊற்றினார்கள். ஆயில் கடையிலும் அதற்கேற்றபடி ஒரு பேச்சு உண்டு: "நம்ம ஊரு வெயிலுக்கு இது தண்ணி மாதிரி ஓடிடும் சார். குளிர் நாட்டுக்குத்தான் இது சரி. கொஞ்சம் திக்கா போட்டுக்கங்க." கேட்க நியாயமாகவே படும். ஆனால் இன்றைய கார்களுக்கு இந்த அறிவுரை பெரும்பாலும் தவறு. ஏன் தவறு என்று ஒருமுறை புரிந்துகொண்டால், அடுத்த சர்வீஸில் யார் என்ன சொன்னாலும் நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் ஆயில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். என்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே 20 முதல் 50 மைக்ரான் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியை ஆயில் நிரப்புகிறது. ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் ஆயிலைத் தனக்குக் கீழே இழுத்துக்கொள்ள, அங்கே அழுத்தம் உண்டாகி, ஷாஃப்ட் அதன்மேல் மிதக்கிறது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தபோதுதான் இது முதலில் வெளிப்பட்டது. ஆயில் ஊற்றுவதற்காக பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அதன் வழியே ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க்கை வைத்து அடைத்தார், மரக்கட்டையை வைத்து அடைத்தார். இரண்டையும் ஆயில் வெளியே தள்ளிவிட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றும் என்ஜின் வடிவமைப்பாளர்கள் நம்பியிருப்பது அந்தக் கணிதத்தைத்தான். அதன்படி, மிதவைப் படலத்தின் தடிமனை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சுழலும் வேகம், சுமை, ஆயிலின் பாகுநிலை (அதாவது அதன் கெட்டித்தன்மை). முதல் இரண்டும் ஓட்டுபவர் கையில். மூன்றாவது, நீங்கள் வாங்கும் கேனில்.

பாகுநிலை குறைந்தால் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். அப்படியானால் கூடக்கூட நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. பாகுநிலை கூடினால் ஆயிலே ஆயிலோடு உரசும் உரசல் கூடும். அந்த உரசல் வெப்பமாகும், பெட்ரோலைத் தின்னும். குறுகிய வழிகளில் ஆயில் மெதுவாகவே போய்ச் சேரும். கெட்டி ஆயில் ஊற்றியதும் ஆயில் பிரஷர் கூடுவதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. வழி நெருக்கமாக இருப்பதால் ஏறும் அழுத்தம் அது. பேரிங்குக்குக் கூடுதல் ஆயில் போய்ச் சேர்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அழுத்தம் அளவு மீறினால் பம்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, உபரி ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

இப்போது கேன் மேலிருக்கும் எண்களுக்கு வருவோம். இவற்றை வகுத்தது எஸ்ஏஇ என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம். 1911இல் தொடங்கிய வகைப்பாடு இது, இன்றுவரை பலமுறை திருத்தப்பட்டு வருகிறது. 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண், கடுங்குளிரில் என்ஜினைச் சுழற்ற முடியுமா என்ற சோதனையின் முடிவு. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30இலும், 10டபிள்யூவை மைனஸ் 25இலும், 20டபிள்யூவை மைனஸ் 15இலும் சோதிக்கிறார்கள். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி வெப்பத்தில் ஆயிலின் பாகுநிலை எந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கான அடையாளம். 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 30 என்றால் 9.3 முதல் 12.5. 40 என்றால் 12.5 முதல் 16.3. 50 என்றால் 16.3 முதல் 21.9. சென்டிஸ்டோக்ஸ் என்பது பாகுநிலையை அளக்கும் அலகு. எண் பெரிதானால் ஆயில் கெட்டி என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

தமிழ்நாட்டில் மைனஸ் 15 டிகிரி எங்கும் இல்லை. ஊட்டியில் உறைபனி விழும் இரவில்கூடப் பாதரசம் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். அப்படியானால் 0டபிள்யூ, 5டபிள்யூ எல்லாம் நமக்கு எதற்கு? கடைக்காரரின் வாதமும் இதுதான். இதற்குப் பதில் 30 டிகிரியில் இருக்கிறது. அதிகாலையில் சென்னையிலோ மதுரையிலோ நிற்கும் கார் என்ஜினின் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த வெப்பத்தில் ஒரு 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுநிலை 100 சென்டிஸ்டோக்ஸை ஒட்டி இருக்கும். ஓடிச் சூடானபின் அதற்கு இருக்க வேண்டியதோ வெறும் 10, 11. அதாவது "தண்ணி மாதிரி" என்று சொல்லப்படும் ஆயில்கூட, நம் ஊர்க் காலையில் தேவையைப்போல் பத்து மடங்கு கெட்டியாக இருக்கிறது. 20டபிள்யூ-50 ஆயில் அதையும்விட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. இன்னொரு கணக்கும் பாருங்கள். 0டபிள்யூ-20 ஆயில் 30 டிகிரியில் 60, 70 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். நன்றாகச் சூடேறிய 20டபிள்யூ-50 ஆயில் 18 சொச்சம்தான். கையில் ஊற்றிப் பார்த்து மெலிசு என்று ஒதுக்கும் ஆயில், சூடான கெட்டி ஆயிலைவிட மூன்று மடங்கு கெட்டி! விரலில் தொட்டு ஆயிலை எடைபோடும் பழக்கம் ஏன் பயன்படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். என்ஜின் தேய்மானத்தில் ஒரு பெரும் பங்கு, ஸ்டார்ட் செய்து சூடேறும்வரையான அந்தச் சில நிமிடங்களில் நடக்கிறது. அந்த நேரத்தில் ஆயில் தலைப்பகுதிவரை சீக்கிரம் ஏற வேண்டும். குளிர் எண் குறைவாக இருப்பது நமக்கும் உதவுவது அங்கேதான்.

அடுத்தது வெயில். வெளியே 40 டிகிரி கொளுத்தினால் ஆயில் இளகிவிடாதா? தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்து சித்திரையில் ஓடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பயம் இயல்பானது. ஆனால் கார் என்ஜினின் வெப்பத்தைத் தீர்மானிப்பது தெரு அல்ல, தெர்மோஸ்டாட். கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி நிற்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. சென்னையில் மே மாதம் ஓடினாலும் லண்டனில் ஜனவரியில் ஓடினாலும், சூடேறிய என்ஜினில் ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். வெளிவெப்பம் கொஞ்சம் ஏற்றி இறக்கும், அவ்வளவே. காற்றில் ஆறும் பைக் என்ஜினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் வெப்பம் வெயிலோடும் டிராஃபிக்கோடும் நேரடியாக ஏறும். பைக்கில் பார்த்ததைக் காருக்கும் பொருத்திப் பார்ப்பதால்தான் கெட்டி ஆயில் நம்பிக்கை இவ்வளவு வலுவாக ஊன்றியிருக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய என்ஜின்களுக்குக் கெட்டி ஆயில் ஏன் சரியாக இருந்தது என்ற கேள்விக்கும் விடை அந்த பேரிங் இடைவெளியில்தான். அப்போது இடைவெளிகள் பெரியவை, பம்புகளும் ஆயில் வழிகளும் அதற்கேற்ப அமைந்தவை. இன்றைய என்ஜின்களில் உதிரிகள் மிக நுணுக்கமாகக் கடையப்படுகின்றன. அதோடு, ஆயிலுக்கு மசகு வேலை மட்டும் இல்லை. பின்பக்கத்தில் விவிடி என்று ஒட்டியிருக்கும் கார்களில், வால்வு திறக்கும் நேரத்தை முன்பின்னாக நகர்த்தும் கருவியை இயக்குவதே ஆயில் அழுத்தம்தான். பல என்ஜின்களில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பட்டும் ஆயிலில்தான் இயங்குகிறது. மெல்லிய ஆயிலைக் கணக்கிட்டு அமைத்த இந்த வழிகளில் கெட்டி ஆயில் தயங்கித்தான் போகும்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயில் மெலிந்துகொண்டே வருவதற்கு என்ஜினின் நலன் மட்டும் காரணம் இல்லை. எரிபொருள் சிக்கனச் சட்டங்களும் காரணம். இந்தியாவிலும் கார் நிறுவனங்களுக்குச் சராசரி எரிபொருள் நுகர்வு வரம்பு 2017-18 முதல் நடைமுறையில் இருக்கிறது. மெல்லிய ஆயிலால் கிடைக்கும் சிக்கனம் ஓரிரு சதவீதம்தான் என்றாலும், லட்சக்கணக்கில் கார் விற்கும் நிறுவனத்துக்கு அது பெரிய தொகை. அதனால்தான் ஒரே என்ஜினுக்கு வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கிரேடு பரிந்துரைப்பதும் நடக்கிறது. டொயோட்டாவின் சில கையேடுகளில், அதிவேகத்திலோ கடும் சுமையிலோ ஓடும் வண்டிக்கு அதிக பாகுநிலை உள்ள ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்ற ஒரு வரியும் உண்டு.

அந்த வரியின் பொருள் 150 டிகிரியில் நடக்கும் இன்னொரு சோதனையில் விளங்கும். பேரிங்கில் நடப்பதுபோல ஆயிலைக் கடுமையாக நசுக்கி, அப்போது அது எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கிறார்கள். இந்தச் சோதனைக்குரிய அலகில் 20 கிரேடு குறைந்தது 2.6 காட்ட வேண்டும், 30 கிரேடு 2.9. 5டபிள்யூ-40 போன்றவை 3.5. ஏழு பேரும் மூட்டைகளும் ஏசியுமாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் காரிலும், நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக விரட்டும் காரிலும் ஆயில் 120 டிகிரியைத் தொடலாம். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் இப்படித்தான் என்றால், கையேடு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டையும் அனுமதிக்கும்போது இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். நானும் அதைத்தான் செய்வேன். ஒரு படி ஏறலாம். 20 கிரேடு கேட்கும் என்ஜினில் 50ஐ ஊற்றுவது மூன்று படி. அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டி, ஆயிலைக் குடிக்கத் தொடங்கிய பழைய என்ஜினுக்கும் ஒரு படி ஏற்றிப் பார்ப்பது நியாயம். குடிப்பது குறையலாம். ஆனால் என்ஜினில் 'கடகட' சத்தம் வருகிறது என்று கெட்டி ஆயில் ஊற்றி அதை அடக்குவதை ஏற்க முடியாது. சத்தம் குறையும், தேய்மானம் தொடரும். அப்படி அடக்கிய வண்டியை வாங்கி ஏமாறுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பழைய கார் வாங்குபவர்கள், என்ஜின் ஆறியிருக்கும்போது முதல் ஸ்டார்ட்டைத் தாங்களே கேட்க வேண்டும்.

பாகுநிலை சரியாக இருந்து ஆயில் தவறாக அமைவதும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி, டிபிஎஃப், இருக்கிறது. ஆயிலில் உள்ள சில வேதிப்பொருள்கள் எரிந்து சாம்பலாகி அதை அடைத்துவிடும். எனவே சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். கேனில் ஏசிஇஏ சி2, சி3 என்பதுபோல் எழுதியிருக்கும். அதில் எது என்று கையேடு சொல்லும். டர்போ பெட்ரோல் என்ஜின்களுக்கு ஏபிஐ எஸ்பி தரம் நல்லது. 2020இல் வந்த இந்தத் தரம், குறைந்த வேகத்தில் பெட்ரோல் முன்கூட்டியே பற்றிப் பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுக்கிறதா என்றும் சோதிக்கிறது. வீட்டில் மிஞ்சிய கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றாதீர்கள். பைக்கின் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்து ஓடுகிறது, வழுக்கிவிடும்.

தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். கேனில் எந்த எண் இருந்தாலும் பாகுநிலை உள்ளுக்குள்ளேயே இறங்கிவிடும். அப்படி ஓடும் கார்களுக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல், கையேடு சொல்லும் மாதக் கணக்குப்படி ஆயிலை மாற்ற வேண்டும்.

நெடும்பயணத்துக்கு முன் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். நிறம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அழுக்கைத் தன்னிடம் இழுத்து வைத்திருக்கிறது. பால்போல் வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கக்கூடும், வண்டியை எடுக்காதீர்கள். வழியில் அளவு கீழ்க்குறிக்குக் கீழே இறங்கிவிட்டது, உங்கள் கிரேடு அந்த ஊரில் கிடைக்கவில்லை என்றால், கிடைப்பதில் மிக நெருங்கிய கார் ஆயிலை அரை லிட்டர் ஊற்றி ஓட்டலாம். ஆயில் குறைவாக ஓடுவதைவிடக் கிரேடு மாறி ஓடுவது எவ்வளவோ மேல். ஊர் திரும்பியதும் முழுவதையும் இறக்கி, ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.