ஊரணிக்கரையில் ஒரு புதையல் வேட்டை

செட்டிநாட்டில், காரைக்குடிக்கு அருகே உள்ள கண்டனூரின் நகரத்தார் வீதிகளில் நடந்தால் தெருவின் இரு பக்கமும் நீண்ட மதிலும் பூட்டிய நிலைக்கதவுமாக இருக்கும். காரைக்குடி வரை வருகிற வெளியூர்க்காரர்கள் ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களை இந்த ஊரிலும் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வைக்க ஒரு விளையாட்டால் முடியும். அதன் பெயர் ஜியோகேச்சிங்.

விளையாட்டு எளியது. ஒருவர் ஓர் இடத்தில் சிறிய டப்பாவை மறைத்து வைப்பார். அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிவார். மற்றவர்கள் கைபேசி ஜிபிஎஸ் காட்டும் வழியில் போய்த் தேடுவார்கள். கண்டெடுத்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே சிறு பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும்.

2000 மே 2 வரை இது சாத்தியமில்லை. அதுவரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தப் பிழையை நீக்கிய மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு வாளியில் புத்தகம், பென்சில், நோட்டு, அவரை டின் எல்லாம் போட்டு வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். சில நாளிலேயே ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேல் இப்படிப்பட்ட மறைவிடங்கள் உண்டு.

நம் ஊருக்கு ஏற்றது இதில் ஒரு வகை: பல கட்ட வேட்டை. முதல் எண் உங்களை டப்பாவிடம் கொண்டுபோகாது. ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கே எதையாவது படிக்கச் சொல்லும். படித்த விடைதான் அடுத்த இடத்தின் எண். செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றின் முகப்பில், கஜலட்சுமி சுதைக்குக் கீழேயோ பக்கத்திலோ வீடு கட்டிய ஆண்டு இருக்கும். வாசற்படி ஏறாமல் தெருவில் நின்றபடியே படித்துவிடலாம். ஓர் ஆண்டு 1912 என்று வைத்துக்கொள்வோம். அதன் கடைசி மூன்று இலக்கங்களை, விளையாட்டில் வழங்கும் முறைப்படி, கலையின் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தசமத்தில் போட வேண்டும். அட்சரேகையில் அந்தக் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் இடம் ஏறக்குறைய 1.8 மீட்டர் வடக்கே நகரும். ஒன்பதை ஆறு என்று படித்தவர் தப்பான இடத்தில் போய் நிற்பார். திரும்பி வந்து முகப்பை மறுபடி பார்ப்பார். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் சுதையில் யானைக்குப் பக்கத்தில் நிற்கும் பொம்மைகள், கொடுங்கைக்குக் கீழே இருக்கும் மரவேலை எல்லாம் கண்ணில் படும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போனவர்கள் பணமும் தேக்கும் அனுப்பிக் கட்டிய வீடுகள் இவை.

ரயிலில் வருகிறவருக்குத் தொடக்கப்புள்ளி கண்டனூர் புதுவயல் நிலையமாக இருக்கலாம். ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்ட உயரம் எழுதுவது வழக்கம். அதுவும் ஒரு நல்ல குறிப்பு எண். ஆனால் டப்பாவை அங்கே வைக்கவே கூடாது. ரயில் நிலையம், பாலம், பள்ளி, கோயில் எங்கும் கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் போலீஸ்தான் வரும், வருவதும் நியாயம்.

வைக்க ஏற்ற இடம் ஊரணிக்கரை. நம் பக்கத்தில் பூங்கா செய்யும் வேலையைப் பெரும்பாலும் ஊரணிக்கரை மரநிழல்தான் செய்கிறது. அங்கே டப்பா வைப்பதற்கும் முறை உண்டு. உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். குழி தோண்டக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. தண்ணீரில் கால் வைக்கும்படியான இடம் கூடாது. குடிக்க எடுக்கும் ஊரணி என்றால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூடி இறுகும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பா நல்லது. மேலே இது என்ன என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். தின்பண்டம் வைத்தால் எறும்பு வரும். ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி.

டப்பாவே இல்லாத வகையும் ஒன்று இருக்கிறது. 2004-ல் அமெரிக்க நிலவியல் சங்கத்தோடு சேர்ந்து தொடங்கியது, பெயர் எர்த்கேச். பூமி எப்படி உருவானது என்று காட்டும் இடத்துக்குப் போய், கேள்விக்கு விடை அனுப்பினால் போதும். செட்டிநாட்டில் பல ஊரணிகளின் சுவரில் அடுக்கியிருக்கும் செம்பூரான்கல் இதற்குக் கச்சிதமான பொருள். இரும்புச்சத்துள்ள பாறை மழையிலும் வெயிலிலும் காலங்காலமாகச் சிதைந்து, இரும்பும் அலுமினியமும் தேங்கி இறுகிச் சிவந்த கல் அது. தொட்டால் கையில் சொரசொரப்பும் துளைகளும் தெரியும்.

இந்த விளையாட்டில் நான் பெரிதாக மதிப்பது, வைத்தவருக்கு இருக்கும் கடமையை. பக்கத்தில் வசிப்பவராக இருந்து அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். சுற்றுலா வந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனால் அந்தப் பதிவைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒருநாள் பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. குறிப்பு எண் இருந்த முகப்பு இடிந்தால் வேட்டை அந்த இடத்தோடு அறுந்துவிடும். முதலில் அறிகிறவர் அதை வைத்தவராகத்தான் இருப்பார். ஆகவே பதிவு எழுதும்போதே வீட்டு உரிமையாளரிடம் கேட்டு, தெருவிலிருந்து முகப்பைப் படம் எடுத்து, கட்டியவர் எந்த ஊருக்குக் கொண்டுவிற்கப் போனார் என்று தெருப் பெரியவர்களிடம் விசாரித்து, அவர்கள் சம்மதித்ததை மட்டும் நான்கு வரி சேர்த்துவிடுங்கள். கண்டனூர் மேல்நிலைப் பள்ளி மாணவர்களே இந்த வேலையைச் செய்யலாம்; ஒரு கைபேசி போதும்.