வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? 15100-க்குப் பேசுங்க

ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ வாணியம்பாடி டேனரியிலோ வேலை பார்க்கிறீங்களா? வீட்டில் யார் மேலாவது கிரிமினல் வழக்கு வந்தால், வக்கீல் ஃபீஸுக்காக அவசரப்பட்டு நகையை அடகு வைக்காதீங்க. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

கைதானவர் மாஜிஸ்திரேட்டிடமே “எனக்கு வக்கீல் இல்லைங்க” என்று சொல்லலாம். வேலூர் மத்திய சிறையில் இருந்தால் அங்கிருந்தே மனு கொடுக்கலாம். வீட்டார் 15100-க்குக் கட்டணமில்லாமல் போன் செய்யலாம்.

கேட்கத் தெரியாவிட்டாலும் உரிமை போகாது. இந்த வசதியைச் சொல்லாமலே விசாரித்துக் கொடுத்த தண்டனையை, 1986-ல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும், முதல் நாளே கேட்டுடுங்க.