பாட்டிற் கதை சொல்லும் படம்

பாட்டொன்றைச் செவிக்கு விருந்தாக்குவதோடு அமையாது, அதனோடு ஒரு கதையையும் பொருத்திக் காட்டும் பாட்டுப்படங்களை ஆக்க மாணவர் பலர் இக்காலத்தில் முயல்கின்றனர். கைப்பேசியிலேயே காமிரா இருத்தலின் தொடங்குதல் எளிது; செவ்வனே முடித்தலோ அரிது. படம் பிடிக்குமுன் செய்யவேண்டிய ஆராய்ச்சியையும் திட்டத்தையும் வீண்வேலையென்று தள்ளிவிடுதலே இதற்குப் பெரிதும் காரணமாம். சென்ற ஆண்டு நானும் நண்பர் நால்வரும் பட்ட துன்பம் இதற்குச் சான்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண், நன்கமைந்த படமொன்றைப் பலமுறை பார்த்து ஆராய்தல் வேண்டும். நார்வே நாட்டு ‘ஆ-ஹா’ குழுவினரின் ‘டேக் ஆன் மீ’ அதற்குத் தக்கது. 1984-இல் அப்பாட்டோடு வந்த முதற்படத்திற் கதையில்லை. பாட்டும் படமும் எடுபடவில்லை. 1985-இல் பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்து, ஸ்டீவ் பாரன் இயக்கத்திற் கதையோடு கூடிய வேறொரு படம் எடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கப் பாட்டு வரிசையில் அது முதலிடம் பெற்றது. பாட்டும் திருந்தியமையின் புகழ் முழுவதையும் படத்திற்கே அளித்தல் நேர்மையன்று. எனினும் பலர் நினைவில் இன்றும் நிற்பது அப்படமே.

சிற்றுண்டிச்சாலையிற் சித்திரக்கதை படிக்கும் பெண்ணை நோக்கி ஏட்டினின்று நாயகன் கை நீட்டுகிறான். அவள் கோட்டுச்சித்திர உலகினுட் புகுகிறாள், பகைவர் துரத்துகின்றனர், முடிவில் அவன் மனிதனாய் வெளிவர முட்டி மோதுகிறான். உரையாடல் இன்றியே கதை விளங்குகிறது. நடிகரை முதலிற் படம் பிடித்து, பின்னர்க் கட்டங்கட்டமாக ஏறத்தாழ 3,000 சித்திரங்களைக் கையால் வரைந்தனர். அதற்கு 16 வாரம் சென்றது. எப்பகுதியை வரைவது என்பதை முன்னரே துணியாவிடின் அவ்வுழைப்புப் பாழாகியிருக்கும். சித்திரம் தீட்டியோருள் ஒருவரான மைக்கேல் பாட்டர்சன், மாணவராயிருந்தபோது ஆக்கிய பென்சிற்படமே இம்முறைக்கு வித்தாயிற்று என்பது நம்மனோர் கருதத்தக்கது.

அடுத்து வேண்டுவது காலப்பட்டியல். நான்கு நிமிடப் பாட்டென்றால் 240 விநாடி. காட்சியொன்றிற்கு 4 விநாடியாக 60 காட்சிகளே அடங்கும். குரல் எங்கே எழுகிறது, வாத்தியம் மட்டும் எங்கே ஒலிக்கிறது, பல்லவி எங்கே மீள்கிறது என விநாடிக்கணக்கில் எழுதிக்கொள்க. வாத்தியம் தனித்து ஒலிக்குமிடத்திற் கதையை விரைந்து நடத்தலாம். பல்லவி மீளும்போது முன்காட்டிய இடத்தையே மாறிய நிலையிற் காட்டின், காலம் கழிந்தமை சொல்லாமலே விளங்கும். பாட்டு மழையென்றவுடன் மழையைக் காட்டுதல் கூறியது கூறலே.

இப்பட்டியலை நாங்கள் எழுதவில்லை. வேலை தேடி ஊரைவிட்டுச் செல்லும் பேரனும், வழியனுப்பும் பாட்டனாரும் எங்கள் கதை. நண்பரொருவரின் பாட்டனாரே நடித்தார். பேருந்து நிலையத்தில் ஒரு முற்பகல் முழுதும் வெயிலில் நின்றார். பாட்டோ 3 நிமிடம் 50 விநாடி. எடுத்த கதை 9 நிமிடத்திற்கு ஓடிற்று. வெட்டி வெட்டிச் சுருக்கியபின் அவர் முகம் கண்ணிமைப்பொழுதே எஞ்சியது. படம் காட்டியபோது, “தம்பிகளே, நான் எங்கே வந்தேன்?” என்று கேட்டார். எங்களுக்கு நா எழவில்லை.

உரிமையும் ஒரு தொல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி சொல்லுக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமையுண்டு. புகழ்பெற்ற பாட்டை எடுத்தாளின் இசைவு பெறுவதற்கே பருவம் முடிந்துவிடும். ஆதலின் இவ்வாண்டு எங்களுள் ஒருவர் எழுத, மற்றொருவர் மெட்டமைத்துள்ளார். பாட்டு 3 நிமிடம் 20 விநாடி. காலப்பட்டியல் விடுதி அறைச் சுவரில் தொங்குகிறது. அதன் முதல் 25 விநாடிக்கு எதிரே பாட்டனார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவர் இன்னும் இசைவு தரவில்லை.