மாறாத விலையும் மலிவு விற்பனையும்: ராஃபிள்ஸ் பிளேஸ் முதல் தேக்கா வரை

சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் சதுக்கத்திலும் அதை ஒட்டிய தெருக்களிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் கோலோச்சிய ஐரோப்பியப் பேரங்காடிகள், ஆடைக்கும் காலணிக்கும் அவ்வப்போது மலிவு விற்பனை அறிவித்து, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ போன்ற நாளிதழ்களின் பத்திகளை விலைப்பட்டியல்களால் நிரப்பின. ஆடை, காலணி, தொப்பி, படுக்கை விரிப்பு, கண்ணாடிப் பாத்திரம், அறைகலன் எனப் பலவகைச் சரக்குகளைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளரையும் தனிக் கணக்கையும் வைத்து, ஒரே கூரையின்கீழ் விற்கும் கடையே பேரங்காடி எனப்படும். அதே நகரின் சிராங்கூன் சாலைத் துணிக்கடைகளுக்கோ அரபு ஸ்திரீட்டின் தமிழ் முஸ்லிம் கடைகளுக்கோ அத்தகைய தனி விற்பனை நாளுக்கான தேவை குறைவாகவே இருந்தது. விலை பேசி முடிவாகும் கடையில் ஒவ்வொரு விற்பனையும் ஒரு விலைக்குறைப்புதான். எழுதி ஒட்டிய விலை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும் கடையில்தான் அதைக் குறைப்பது ஊரறியச் சொல்லத்தக்க செய்தியாகிறது. ஆகவே மலிவு விற்பனையின் வரலாற்றை மாறாத விலையின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

சதுக்கத்தின் மூன்று கடைகள்

இக்கடைகளுள் மூத்தது ஜான் லிட்டில். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மார்ட்டின் லிட்டிலும் கர்செட்ஜி என்னும் பார்சி வணிகரும் 1845இல் கூட்டாகத் தொடங்கிய இந்நிறுவனம், கூட்டுப் பிரிந்தபின் 1853இல் ஜான் லிட்டில் என்ற பெயரை ஏற்று, 1900இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவுபெற்றது. அடுத்தது, பிலிப் ராபின்சனும் ஜேம்ஸ் ஸ்பைசரும் 1858இல் அதே சதுக்கத்தில் திறந்த கடை. ஸ்பைசர் மறு ஆண்டே விலக, அது ராபின்சன்ஸ் ஆயிற்று. கமர்ஷியல் ஸ்குவேர் என்றிருந்த சதுக்கத்திற்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்ற பெயர் சூட்டப்பட்டதும் அதே 1858இல்தான். இவ்விரண்டும் ஐரோப்பியக் குடியேறிகளுக்கு உணவுப்பொருளும் தொப்பியும் துணியும் விற்ற சிறு கடைகளாகத் தொடங்கி, அரை நூற்றாண்டில் பல மாடிப் பேரங்காடிகளாக வளர்ந்தவை.

மூன்றாவதான வைட்டவே லெய்ட்லா வேறு வகையைச் சேர்ந்தது. எட்வர்ட் வைட்டவேயும் ராபர்ட் லெய்ட்லாவும் 1882இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்நிறுவனம், சென்னை, பம்பாய், கொழும்பு, பினாங்கு, கோலாலம்பூர், ஷாங்காய் எனக் கிளைபரப்பிய சங்கிலிக் கடைகளின் தலைமையகமாக விளங்கியது; லெய்ட்லா பின்னர் 1906 முதல் 1910 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். சிங்கப்பூரில் 1900 அளவில் காலூன்றிய இக்கிளை, கட்டடக் கலைஞர் பிட்வெல் வடிவமைத்து இன்று ஸ்டாம்ஃபர்ட் ஹவுஸ் எனப்படும் கட்டடத்தில் சில ஆண்டுகள் இயங்கி, பின்பு பேட்டரி ரோட்டுக்கு இடம்பெயர்ந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் இந்நிறுவனம் எழுப்பிய மாளிகை பிற்காலத்தில் ‘சுதேசமித்திரன்’ நாளிதழின் இருப்பிடமாகி விக்டரி ஹவுஸ் என்று பெயர்பெற்றதும், பம்பாய்க் கட்டடம் கதர் விற்பனை நிலையமானதும், அந்நியத் துணியை மூட்டை மூட்டையாக இறக்கிய ஒரு நிறுவனத்தின் வரலாற்றில் எதிர்பாராத திருப்பங்கள்.

பேரம் ஒழிந்த கடை

ஒரே விலை என்னும் வழக்கத்தை உலகளவில் பரப்பியவர்களுள் பாரிஸின் ‘போன் மார்ஷே’ கடையை 1852 முதல் வளர்த்தெடுத்த அரிஸ்டிட் பூசிக்கோவும், அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் கடை நடத்திய ஜான் வானமேக்கரும் முதன்மையானவர்கள். விலை மாறாதென்றால் விற்காத சரக்கு கடையிலேயே தங்கிவிடும் என்பதே இம்முறையின் இயல்பான குறை. அதற்கு மாற்றாக, வணிகம் மந்தமாகும் நாட்களில் குறித்த சில சரக்குகளை மட்டும், குறித்த சில நாட்களுக்கு மட்டும், அறிவித்துக் குறைப்பது என்ற உத்தி உருவானது. கிறிஸ்துமஸ் கூட்டம் வடிந்த ஜனவரி மாதத்தில், படுக்கை விரிப்பு முதலிய வெள்ளைத் துணிகளுக்கு வானமேக்கர் 1878இல் நடத்திய ‘வெள்ளை விற்பனை’ இவ்வுத்தியின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பாஸ்டன் நகரின் எட்வர்ட் ஃபைலீன் இதை இயந்திரம்போலவே ஆக்கினார். 1909 அளவில் அவர் திறந்த நிலவறைக் கடையில், 12 நாளில் விற்காத பொருளுக்குக் கால்பங்கும், 18 நாளில் அரைப்பங்கும், 24 நாளில் முக்கால்பங்கும் விலை தானாகவே குறைந்து, 30 நாள் கடந்தால் பொருள் அறநிலையங்களுக்குக் கொடுக்கப்பட்டது.

சிங்கப்பூரில் இம்முறைக்குத் தடையாக நின்றது கடன் வழக்கம். காலனிய ஐரோப்பியர் கடையிலும் மதுக்கூடத்திலும் பணம் தராமல், வாங்கிய பொருளைக் குறித்த சீட்டில் கையொப்பமிட்டு, மாத முடிவிலோ அதற்கும் பிந்தியோ கணக்குத் தீர்த்தனர். இச்சீட்டுமுறையில் கடைக்காரரின் முதல் மாதக்கணக்கில் முடங்கியதோடு, தராமல் ஊர் திரும்பியவர்களின் கடனும் மற்றவர்கள் கொடுக்கும் விலையில் ஏறியது. வைட்டவே லெய்ட்லா கடனை மறுத்து ரொக்கத்திற்கு மட்டுமே விற்றதால், உடனே பணத்தைக் கட்டச் சொல்லும் கடை என்ற பொருள்பட அதன் பெயரையே திரித்துக் கேலி செய்தனர். ஆயினும் கடனில்லாத கடையால்தான் குறைந்த இலாபத்தில் அதிகம் விற்க முடிந்தது. கப்பலில் வந்திறங்கிய இளநிலை எழுத்தர், கங்காணிகளை மேய்க்கும் தோட்டத் துணைமேலாளர், ஆங்கிலம் கற்ற யூரேசியர், நடுத்தர வசதியுள்ள சீனர் ஆகியோர் அதன் வாடிக்கையாளராயினர். மலாயாத் தோட்டங்களில் இருந்தவர்கள் விலைப்பட்டியல் நூலைப் பார்த்து அஞ்சலில் வரவழைத்துக்கொண்டனர்.

சரக்கு ஏன் தேங்கியது?

லண்டனில் மலிவு விற்பனையைத் தீர்மானித்தது பருவம். குளிர்கால ஆடை வசந்தத்திற்குமுன் கடையை விட்டுப் போயாக வேண்டும். ஆண்டு முழுதும் ஒரே வெப்பமுள்ள சிங்கப்பூரில் அக்காரணம் இல்லை. அங்கே சரக்கைத் தேங்கவைத்தவை வேறு மூன்று.

முதலாவது தொலைவு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின்னும் லண்டனுக்கு எழுதிய கடிதம் சென்றுசேர்ந்து, சரக்கு திரட்டப்பட்டு, கப்பலேறி வந்துசேரப் பல மாதங்கள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் லண்டன் நாகரிகம் மாறிவிட்டால், வந்திறங்கும் ஆடை அன்றே பழையது. விடுமுறையில் தாயகம் செல்வோருக்காகக் கடைகள் இருப்பில் வைத்த கம்பளி மேலங்கிகளும், எதிர்பார்த்த பயணிகள் குறைந்துபோனால், அலமாரியிலேயே தங்கின.

இரண்டாவது ஈரம். தோல் காலணியில் சில வாரங்களிலேயே பூஞ்சணம் படரும். பட்டும் கம்பளியும் பூச்சிக்கு இரையாகும். வெள்ளை டிரில் துணி மடிப்பில் பழுப்பேறும். குளிர்ச்சாதனம் இல்லாத காலத்தில் தேங்கிய சரக்கின் மதிப்பு நாள்தோறும் கரைந்ததால், ஆண்டு இருப்புக் கணக்கெடுப்புக்கு முன் அதைக் கழித்துவிடுவது கடைக்கு இழப்பைக் குறைக்கும் வழியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு ஏலம் பயன்பட்டது. ஆனால் ஏலத்தில் விலையை வாங்குபவர் தீர்மானிக்க, மலிவு விற்பனையில் எவ்வளவு இழப்பது என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்க முடிந்தது.

மூன்றாவது, காலணிக்கே உரிய அளவுச் சிக்கல். ஆங்கிலக் காலணி அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலமும், அரை எண்ணுக்கு ஆறில் ஒரு அங்குலமும் வேறுபாடு. ஆண்களுக்கான ஒரே வடிவத்தை 6 முதல் 11 வரை அரை எண்களோடு வைத்திருந்தாலே 11 அளவுகள். ஒவ்வொன்றிலும் அகலத்திற்கேற்ப மூன்று வகை வைத்தால் 33 சோடிகள். நடு அளவுகள் முதலில் தீர்ந்துபோக, மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மிஞ்சின. அவற்றை ‘ஒற்றை அளவுகள்’ என்று தொகுத்து அடிவிலைக்குக் கொடுப்பதே மலிவு விற்பனையின் வழக்கமான பகுதியாயிற்று. துணிப்பிரிவில் இதற்கு இணையானது மிச்சத்துண்டு விற்பனை. கெஜக்கணக்கில் வெட்டி விற்றபின் சுருளின் முனையில் எஞ்சும், முழு ஆடைக்குப் போதாத துண்டுகள், குழந்தை உடைக்கோ இரவிக்கைக்கோ உதவுமென்று எடுத்துச் செல்லப்பட்டன.

கூலியும் விலையும்

இங்கிலாந்திலிருந்து வந்த பொருளின் விலையில் நாணயமும் பங்கேற்றது. வெள்ளியின் உலகவிலை சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வெள்ளி நாணயத்தில் சம்பாதித்தவர்களுக்கு லண்டன் சரக்கு ஆண்டுக்காண்டு உயர்ந்தது. 1906இல், உள்ளூர்த் தமிழர் வெள்ளி என்றே வழங்கும் நீரிணைக் குடியேற்ற டாலரை அரசு 2 ஷில்லிங் 4 பென்சுக்கு நிலைநிறுத்தியபின், 60 வெள்ளிக்கு 7 பவுன் என்ற கணக்கு உறுதிப்பட்டது. கப்பல் கட்டணமும் இலாபமும் சேராமல், மாற்று விகிதத்தில் மட்டுமே, 14 ஷில்லிங் பெறுமானமுள்ள ஒரு பொருள் 6 வெள்ளியாகும். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கிய ரப்பர் மாவட்டங்களில் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. அந்த 6 வெள்ளி ஆணுக்கு 12 நாள் உழைப்பு, பாதி விலையானாலும் 6 நாள் உழைப்பு. ராஃபிள்ஸ் பிளேஸின் மலிவு, இவ்வாறு, மாதச் சம்பளக்காரர்களின் வட்டத்திற்குள் மட்டுமே மலிவாக இருந்தது.

தமிழர்கள் அக்கடைகளின் சரக்கோடு தொடர்புகொண்டது பெரும்பாலும் வாங்குபவர்களாக அன்று. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்களிலும், மாட்டுவண்டி ஓட்டியவர்களிலும் தமிழர் கணிசமாக இருந்தனர். அவர்களின் உடைத்தேவையை நிறைவேற்றியவை சிராங்கூன் சாலைக் கடைகளும், மலாய்க்காரர்கள் பழவேற்காட்டின் பெயராலேயே ‘பெலிக்காட்’ என்றழைக்கும் தமிழகக் கைத்தறிக் கைலியை இறக்குமதி செய்த வணிகர்களுமே. மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார்களின் கடனும், தீபாவளிக்குச் சேலை வேட்டி எடுக்கும் வழக்கமும் இவ்வணிகத்தின் இரு தூண்கள். மளிகையில் தொடங்கித் துணிக்கு விரிந்த பி. கோவிந்தசாமி பிள்ளையின் பி.ஜி.பி. கடைகள் இவ்வழியில் வளர்ந்தவற்றுள் பெயர்பெற்றவை. தீபாவளி 1929இல் பொது விடுமுறையானது இப்பண்டிகைக்கால வணிகத்திற்கு நாட்காட்டியிலும் இடம் தந்தது.

முப்பதுகளின் மலிவு

1910இல் லண்டன் சந்தையில் ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டிய ரப்பர், 1932இல் 2 பென்சுக்கும் கீழே விழுந்தபோது, தோட்டத்துரைகளின் வேலையும் அவர்களை நம்பிய கடைகளின் கணக்கும் ஒருசேரச் சரிந்தன. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். அந்நெருக்கடியில்தான் மலிவு என்பதன் பொருளும் மாறியது. மீந்த சரக்கின் விலையைக் குறைப்பதற்கு மாறாக, தொடக்கத்திலேயே குறைந்த செலவில் செய்த சரக்கு சந்தைக்கு வந்தது. சீனத் தொழிலதிபர் டான் கா கீயின் ஆலைகள் உள்ளூர் ரப்பரில் அடி வைத்த கான்வாஸ் காலணிகளை 1920களிலேயே செய்தன. செக்கோஸ்லோவாக்கியாவின் பாட்டா நிறுவனம் 1931இல் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டின் கேப்பிட்டல் கட்டடத்தில் கடை திறந்தது. மிடில் ரோட்டு ஜப்பானியக் கடைகள் பருத்தித்துணியையும் செயற்கைப்பட்டையும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளால் எட்டமுடியாத விலைக்குக் கொடுத்தன. சாதாரண மக்களின் கால்களுக்கு முதன்முதலாகக் காலணியைக் கொண்டுசேர்த்ததில், ராஃபிள்ஸ் பிளேஸின் அரைவிலை அறிவிப்புகளைவிட இவற்றின் முழு விலைக்கே பங்கு அதிகம்.

காலனிய அரசு 1934இல், முதன்மையாக ஜப்பானை மனத்திற்கொண்டு, அந்நியத் துணி இறக்குமதிக்கு அளவு வரம்பு விதித்தது. லங்காஷயரைக் காக்க எடுத்த அந்நடவடிக்கையின் சுமை மலிவுத் துணி உடுத்திய ஆசியர்கள்மீதே விழுந்தது. கடைக்காரரின் தாராளத்தைப் பொறுத்ததாகத் தோன்றும் விலை, உண்மையில் அரசின் கையெழுத்தையும் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முதல் விலை மெய்யாக இருந்தால்

ராபின்சன்ஸ் 1955இல் ஜான் லிட்டிலை வாங்கியது. 1972 நவம்பர் 21 தீவிபத்தில் ஒன்பது உயிர்களையும் ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடத்தையும் இழந்து ஆர்ச்சர்ட் ரோட்டுக்குச் சென்றது. 2020இல் கலைப்புக்கு உள்ளானது. அதற்குள் எழுதி ஒட்டிய விலை சிராங்கூன் சாலை வட்டாரமான தேக்காவையும் எட்டிவிட்டது. கேம்பல் லேனில் 1971இல் ஆயத்த ஆடைக் கடையாகத் தொடங்கிய முஸ்தஃபா, பேரத்துக்குப் பேர்போன வட்டாரத்தில் விலைச்சீட்டை நிலைநாட்டி, பின்னர் சையது ஆல்வி ரோட்டில் இரவுபகல் இயங்கிய பேரங்காடியானது. ஆண்டுதோறும் நாடளாவிய மலிவு விற்பனையை நடத்தும் திட்டமும் 1994இல் சுற்றுலாத் துறையின் முயற்சியால் தொடங்கி, ஒரு காலத்தில் தேங்கிய சரக்கைக் கழிக்கும் உத்தியாக இருந்ததைப் பயணிகளை ஈர்க்கும் விழாவாக மாற்றியது.

விழாவான பிறகு மலிவு விற்பனைக்கு மீந்த சரக்கே தேவையில்லாமற்போகிறது. மலிவு விற்பனைக்காகவே செய்த பொருளில் முதலில் உயர்ந்த விலையை எழுதி, அதை அடித்துவிட்டு, வழக்கமான விலையைக் கழிவாகக் காட்டுவது எளிது. சிங்கப்பூரில் 2004 முதல் நடைமுறையிலுள்ள பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், இல்லாத விலைச்சலுகையை இருப்பதாகக் காட்டுவதையும், குறித்த காலத்திற்கென்று அறிவித்த தள்ளுபடியை நீண்டகாலம் தொடரப்போவதை அறிந்தே அவ்வாறு விளம்பரம் செய்வதையும் முறையற்ற செயல்களாக வகுத்துள்ளது. ராஃபிள்ஸ் பிளேஸ் கடைகளின் மலிவு விற்பனை சிலருக்கே எட்டியது என்றாலும், அதன் வலிமை குறைத்த விலையில் இருக்கவில்லை. அதற்கு முந்திய நாள் வரை எல்லாரும் கொடுத்த விலையில்தான் இருந்தது. ஆடிக்கும் தீபாவளிக்கும் ஆண்டிறுதிக்கும் அறிவிக்கப்படும் எந்தத் தள்ளுபடியையும் எடைபோட இன்றும் போதுமான கேள்வி, அடித்தெழுதப்பட்ட அந்த முதல் விலைக்கு யாரேனும் எப்போதேனும் வாங்கினார்களா என்பதே.